மரிச்சுக்கட்டி முத்துச் சந்தை

மன்னார்த் தீவைக் கடந்து பெருநிலத்தின் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றால், அருவியாறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து அரிப்பு என்னும் ஊர் வரும். அதன்பின் சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்னும் சிற்றூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முள்மரக் காடும் வெண்மணலும் அன்றிக் கண்ணுக்கு இனிய காட்சி வேறொன்றும் அங்கு இல்லை. ஆயினும், அம்மணலைக் காலால் சற்றுக் கிளறிப் பார்த்தால், அது வெறும் மணல் அன்று என்பது புலப்படும். அது சிப்பித்தூள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கரையைக் கண்ட எமர்சன் தெனன்ற் என்பார், கரை நெடுகிலும் சிப்பியோடுகள் மேடுமேடாகக் குவிந்து கிடந்ததை எழுதிவைத்துள்ளார். பல நூற்றாண்டுகளாக உடைத்தெறியப்பட்ட ஓடுகள் அவை.

இக்காலத்தில் இரத்தினக் கண்காட்சி என்றவுடன், பெருநகர் மண்டபம் ஒன்றில் கண்ணாடிப் பேழைகளும் மின்னொளியும் காவலரும் நிறைந்த காட்சியே நம் மனத்தில் தோன்றும். மரிச்சுக்கட்டியில் கூடிய முத்துச் சந்தையோ அதற்கு முற்றிலும் மாறானது. ஆளரவமற்ற மணற்கரையில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும். முப்பதினாயிரம் பேருக்கு மேல் வந்து குடியேறுவர். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அந்நகரம் இருந்த சுவடின்றி மறையும். அங்கு விற்கப்பட்ட பண்டத்தை வாங்குவோன் கண்ணால் கண்டதில்லை, விற்போனும் கண்டதில்லை. மூடிய சிப்பியே விலைபேசப்பட்டது. உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

முத்துக் குளிக்கும் காலத்தையும் களத்தையும் நம் முன்னோர் 'சலாபம்' என்றனர். சிலாபம் என்னும் ஊர்ப்பெயரே அதிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் கற்பாறைத் திட்டுக்குப் 'பார்' என்பது பெயர். மன்னார்க் குடாவில் இத்தகைய பார்கள் பல உள்ளன. அவற்றுள் ஆழமும் பரப்பும் மிக்கது பெரியபார். சிப்பி நான்கு முதல் ஆறு ஆண்டு வளர்ந்த பின்னரே முத்து எடுக்கத் தக்கதாகும். அதற்கு முன் எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். காலம் தாழ்த்தினால் சிப்பி மடிந்துவிடும். ஆதலின் அரசினர் ஆண்டுதோறும் பார்களைச் சோதிப்பர். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துக்களை வல்லுநரைக் கொண்டு மதிப்பிடுவித்து, ஊதியம் உண்டு எனத் தெளிந்தால் மட்டுமே சலாபம் நிகழும் என்று அறிக்கை விடுப்பர். அவ்வறிக்கை கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவுக்கும் எட்டியதும், வள்ளங்களும் தோணிகளும் மன்னாரை நோக்கிப் புறப்படும்.

இவ்வாறு கூடிய சந்தைகளுள் 1905ஆம் ஆண்டின் சந்தையே மிகப் பெரியது எனலாம். அந்த ஆண்டு முந்நூறுக்கு மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ ஐயாயிரம் குளியாளிகளும் வந்தனர். அள்ளப்பட்ட சிப்பிகள் எட்டுக் கோடிக்கு மேல். அரசாங்கம் பெற்ற வருவாய் சுமார் 25 இலட்சம் ரூபா. பெப்புருவரியில் கம்பும் கிடுகும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. தெருக்கள் வகுக்கப்பட்டன. நீதிமன்றம், சிறைச்சாலை, மருத்துவமனை, தபால் தந்தி நிலையம் ஆகியவை யாவும் கிடுகுக் கூரையின் கீழ் இயங்கின. அவற்றை அடுத்துக் கடைத்தெருக்களும் வழிபாட்டிடங்களும் அமைந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தரும், சேது நாட்டுப் பரவரும், கீழக்கரை மரைக்காயரும், நாட்டுக்கோட்டைச் செட்டியாரும், பம்பாய் வணிகரும், அராபியரும் ஒரே மணலில் உலவினர். எத்தனை மொழிகள் அங்கே ஒலித்திருக்க வேண்டும்! ஆயினும் முத்து வாணிகத்தின் மொழி தமிழாகவே இருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சந்தையின் ஒருநாள் நள்ளிரவில் தொடங்கும். கரையிலிருந்து வீசும் நிலக்காற்றைப் பயன்படுத்திப் படகுகள் யாவும் பாய்விரித்துப் பாரை நோக்கிச் செல்லும். கதிரவன் எழுந்ததும் காவற்கப்பலிலிருந்து அடையாளம் காட்டப்படும், குளிப்புத் தொடங்கும். குளியாளி கயிற்றில் கட்டிய கருங்கல்லின் மீது கால்வைத்து, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம்வரை இறங்குவான். தமிழ்க் குளியாளி மூக்கைக் கைவிரலால் பற்றிக்கொள்வான். அராபியன் கொம்பினால் செய்த கவ்வியைப் பூட்டிக்கொள்வான். அடியில் கிடைத்தவற்றை அள்ளிக் கூடையில் இட்டுக் கயிற்றை இழுத்ததும், மேலிருப்பவன் அவனைத் தூக்குவான். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக அமையும் இத்தொழிலை நண்பகல்வரை மீண்டும் மீண்டும் செய்தல் வேண்டும். கயிறு பிடிப்பவனுடைய கவனத்திலேயே குளியாளியின் உயிர் தங்கியிருந்தது. ஆதலின் கயிற்றைப் பெரும்பாலும் உறவினன் கையிலேயே ஒப்படைப்பர்.

சுறாமீனைப் பற்றிய அச்சம் வேறு. அதற்கெனக் 'கடல்கட்டி' என்போர் இருந்தனர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட இவர்கள் கரையில் நின்று சடங்கு செய்யாவிடின் குளியாளிகள் கடலில் இறங்கமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குச் சென்றதெனக் குறிக்கின்றார். ஆங்கில அரசாங்கமும் நெடுங்காலம் கடல்கட்டிகளுக்கு ஊதியம் வழங்கியது. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத அதிகாரிகளும் மந்திரத்துக்குப் பணம் கொடுத்தார்கள். குளியாளியின் மனத்திண்மைக்கு அது விலை என்று கொண்டால் அச்செலவில் தவறில்லை.

நண்பகலில் வெடியொலி கேட்டதும் குளிப்பு நிற்கும். கடற்காற்றில் படகுகள் திரும்பும். கரையில் அவற்றை எதிர்கொள்வது 'கொட்டு' என்னும் வேலி சூழ்ந்த பெரிய அடைப்பு. ஒவ்வொரு படகின் சிப்பியும் அங்கே மூன்று சமக் குவியலாகப் பிரிக்கப்படும். பிரிப்பவர் குளியாளிகள்; தேர்ந்தெடுப்பவர் அதிகாரி. அவர் சுட்டிக்காட்டும் இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு; எஞ்சிய ஒன்று குளியாளிகளுக்கு. எக்குவியலை அதிகாரி எடுப்பார் என்பது முன்னரே தெரியாதாகையால், மூன்றும் சமமாகவே அமையும். குடும்பத்தில் சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது கையாளும் பழைய வழக்கந்தான் இது. பிரிக்கும் முறையில் நேர்மை இருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு என்னும் அளவு எங்ஙனம் வந்தது? மார்க்கோ போலோ கண்ட காலத்தில் மன்னன் பெற்றது பத்தில் ஒன்று. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் கடலின் உரிமையாளராகத் தம்மைக் கருதிய அரசினர் எடுத்தது மூன்றில் இரண்டு. குளியாளியின் ஒரு பங்கிலும் படகு உடையவனான சம்மாட்டிக்கும் கயிறு பிடிப்பவனுக்கும் பங்கு உண்டு. உயிரைப் பணயம் வைத்தவன் கைக்கு இறுதியில் வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதைக் கணக்கறிந்தோர் எண்ணிக்கொள்ளலாம்.

1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இக்கொட்டை மேற்பார்வை செய்த இளம் அதிகாரிகளுள் ஒருவர் லெனாட் வுல்ஃப் ஆவார். பிற்காலத்தில் இலங்கையைக் களமாகக் கொண்ட நாவல் எழுதிப் புகழ்பெற்ற இவர், அப்போது யாழ்ப்பாணக் கச்சேரியைச் சேர்ந்தவர். பல்லாயிரம் பேர் கூடிய இந்நகரில் ஒழுங்கைக் காத்தவர் மிகச் சிலரே என்பதை அவருடைய தன்வரலாறு காட்டுகின்றது. முத்துக் குளிப்பையே பொருளாகக் கொண்டு அவர் எழுதிய சிறுகதை ஒன்றும் உண்டு. அதில் முத்தின் ஒளியைக் காட்டிலும் சிப்பி அழுகும் நாற்றமே மிகுதி. அங்கு வாழ்ந்தவர் வேறு எவ்வாறு எழுதுதல் கூடும்?

கொட்டை விட்டு வெளியே வரும் குளியாளியை வாயிலிலேயே ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்ளும். சில்லறைக் காசு மட்டும் கையிலுள்ளோர் அவர்கள். தேநீர்க் கடைக்காரனும் சுமைகூலியும் ஆறு சிப்பி, பன்னிரண்டு சிப்பி என வாங்கி, அங்கேயே கத்தியால் பிளந்து விரலால் தடவிப் பார்ப்பர். பெரும்பாலும் ஒன்றும் இராது. என்றோ ஒருவனுக்கு நல்ல முத்துக் கிடைத்தால், அச்செய்தி மாலைக்குள் நகரெங்கும் பரவும். மறுநாள் வாயிலில் கூட்டம் இருமடங்காகும்.

பெருவணிகரின் சூதாட்டம் மாலையில் நிகழும். அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விடப்படும். விலை நாள்தோறும் ஏறும், இறங்கும். முதல்நாள் வாங்கிய சிப்பி நல்ல பலன் தந்தது என்னும் வதந்தி போதும், விலை உயர. அத்தகைய வதந்தியை வேண்டுமென்றே கிளப்பிவிடுவாரும் இருந்தனர். முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து விலையை அழுத்துவதும், அதிகாரிகள் அதை உடைக்க முயல்வதும் ஏலந்தோறும் நிகழ்ந்த நாடகம்.

வாங்கிய சிப்பியை உடனே பிளப்பதில்லை. பல இலட்சம் சிப்பிகளைக் கத்தியால் பிளந்து தேடுதல் இயலாத செயல். சிறு முத்து தசையினுள் மறைந்து தப்பிவிடும். ஆதலின் வேலியிட்ட அடைப்பில் அவற்றைக் குவித்து அழுகவிடுவர். ஈக்கள் மொய்த்துப் புழுக்கள் தசையைத் தின்று தீர்க்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பின்னர் மரத்தோணியில் இட்டுக் கடல்நீர் வார்த்துப் பன்முறை அலசி, ஓட்டை வீசி, அடியில் தங்கிய கசண்டைத் துணியில் பரப்பி உலர்த்தி, ஒவ்வொரு துகளாகப் பொறுக்குவர். அலசுவோர் கைகள் நீருக்கு மேலே தெரியவேண்டும் என்பதும், கையை வாயருகே கொண்டுசெல்லலாகாது என்பதும் விதி. முத்தை விழுங்கிவிடுவர் என்னும் ஐயமே அதற்குக் காரணம். அந்த நாற்றம் பல கல் தொலைவுக்கு வீசும். வாந்திபேதி நோய் நுழைந்துவிட்டால் நகரம் முழுவதும் அஞ்சி ஓடும். ஆதலின் அதிகாரிகள் கடலைக் காட்டிலும் நோய்க்கே மிகுதியும் அஞ்சினர்.

இனி, முத்தைத் தரம் பிரிக்கும் மனைக்குள் நுழைவோம். பாய்விரித்து அமர்ந்திருக்கும் வணிகன்முன் பித்தளைச் சல்லடைகள் பத்து அடுக்கப்பட்டிருக்கும். 'பெட்டி' என்று வழங்கிய அவற்றுக்கு 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என எண்களே பெயர். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். முதற் பெட்டியில் தங்குவது மிகப் பெரிய முத்து. அதனூடு இறங்கியது அடுத்த பெட்டிக்குச் செல்லும். இவ்வாறு அளவு தெளிந்தபின் குணம் பார்க்கப்படும். உருண்டை வடிவும் ஒளியும் குறைவற நிரம்பியது ஆணி. குறை மிக மிகக் களிப்பு, பீசல், மடங்கு என முத்து தரம் இறங்கும். சிறியன வடிவு, மிகச் சிறியன தூள். தூளும் வீணாவதில்லை, சித்த மருத்துவரின் முத்துப் பஸ்பத்துக்கு அது பயன்பட்டது. எடைக்கு மஞ்சாடியும் கழஞ்சும் அளவைகள். ஆங்கில அதிகாரிகளின் அறிக்கைகளில் இச்சொற்கள் யாவும் அவ்வாறே ஆங்கில எழுத்தில் காணப்படுகின்றன. பம்பாய் வணிகனும் அராபியனும் ஆங்கிலேயனும் முத்தின் தரத்தைத் தமிழிலேயே சொல்லவேண்டியிருந்தது.

இச்சொல்வளம் ஒரு நாளில் தோன்றியதன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள், இறைவனுக்கு வழங்கிய அணிகலன்களில் பதித்த முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி எனவும், சிவந்த நீர், குளிர்ந்த நீர் எனவும் வகைபிரித்து எண்ணிக் காட்டுகின்றன. கோயிற் பண்டாரத்தில் கணக்கெழுதியவன் கையிலும் மரிச்சுக்கட்டி மணலில் சல்லடை பிடித்தவன் கையிலும் இருந்தது ஒரே கலை; இடையில் கழிந்தவை தொள்ளாயிரம் ஆண்டுகள்.

இவ்விடைக்காலத்தில் மன்னார் முத்தைக் கண்டோர் பலர். 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பட்டுட்டா, ஆரியச் சக்கரவர்த்தியை அவனது கடற்கரை நகரில் சந்தித்தபோது, மன்னன்முன் முத்துக்கள் பரப்பப்பட்டிருந்தன. ஏவலர் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். பயணி வந்த நாடுகளில் முத்துக் குளிப்பு உண்டா என மன்னன் பாரசீக மொழியில் வினவினான். பாரசீகக் கடலில் கண்டதை அவர் கூறினார். இவற்றுக்கு நிகரான முத்து அங்கு உண்டோ என்று மன்னன் சிலவற்றை எடுத்துக் காட்ட, இல்லை என்று விருந்தினர் விடையளித்தார். மகிழ்ந்த மன்னன் அவற்றை அவருக்கே அளித்தான். யாழ்ப்பாண அரசின் செல்வத்தில் முத்துக்கு இருந்த இடத்தை இந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகின்றது. குதிரைமலையில் ஆண்ட அல்லி அரசாணி முத்தைக் கொடுத்துக் குதிரை வாங்கினாள் என இக்கரை மக்கள் கூறும் கதைக்குச் சான்று இல்லை. ஆயினும் அவ்வூர்ப் பெயரும் அக்கதையும் ஒன்றையொன்று விடாது பற்றிக்கொண்டுள்ளன.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர், ஒல்லாந்தர் 1658இல், ஆங்கிலேயர் 1795இல். மூவருடைய கண்ணும் இப்பார்களின்மேல் இருந்தது. ஆங்கிலேயர் வந்ததும் தொடர்ந்து சில ஆண்டு கடலை வழித்தெடுத்தனர். 1797, 1798ஆம் ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் இலட்சம் பவுணுக்கு மேல் வருவாய் வந்தது. அவ்வளவு பெருவருவாய் அதன்பின் எளிதில் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 1837 தொடக்கம் பதினேழு ஆண்டுகள் சலாபமே இல்லை. 1891க்குப் பின்னும் பதினோர் ஆண்டு இல்லை. அக்காலத்தில்தான் அரசினர் ஹேர்ட்மன் என்னும் பேராசிரியரை வருவித்தனர். 1902இல் வந்த அவரும் அவருடைய உதவியாளர் ஹோர்னெல்லும் பார்களை ஆராய்ந்து ஐந்து தொகுதி எழுதினர். பெரியபாரில் இளஞ்சிப்பி கோடிகோடியாகத் தோன்றுவதையும், தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பில் அவை மணலால் மூடுண்டு மாய்வதையும் அவர்கள் கண்டனர். நட்சத்திர மீனும் திருக்கையும் சிப்பியைத் தின்பதையும் குறித்தனர். சுவாதி மழைத்துளி சிப்பியில் வீழ்ந்து முத்தாகும் என்பது நம்மவர் நம்பிக்கை. சிறு புழுவே முத்துக்கு வித்து என்றார் ஹேர்ட்மன். அவர் கூற்றையும் பின்வந்த அறிஞர் முற்றாக ஏற்கவில்லை.

1905இன் பெருவருவாய் பலர் கண்ணை மயக்கியது. 1906இல் ஆங்கிலேய முத்துக் கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபது ஆண்டுக்கு இப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் சலாபம் நிகழ்ந்தது. 1908இல் சிப்பி இல்லை. அதன் பின்னரும் இல்லை. மூடிய சிப்பியை விலைக்கு வாங்கிய சுமைகூலிக்கு நேர்ந்தது கம்பெனிக்கும் நேர்ந்தது; 1912இல் அது கலைந்தது. குத்தகை கொடுத்த அரசினர் கெட்டிக்காரர் எனச் சிலர் பாராட்டினர். ஓய்வில்லாமல் ஐந்து ஆண்டு அள்ளியதில் அரசினர்க்கும் பங்கு உண்டு என்பதை அவர்கள் மறந்தனர்.

1925இல் மீண்டும் ஒருமுறை படகுகள் கூடின. அதற்குள் யப்பானில் மிக்கிமோட்டோ முதலியோர் வளர்த்த முத்து உலகச் சந்தையை நிறைக்கத் தொடங்கியிருந்தது. 1930ஐ ஒட்டி முத்தின் விலை வீழ்ந்தது. பாரசீக வளைகுடாவின் துறைகளும் வறண்டன. எதிர்க்கரையான தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை சலாபம் நிகழ்ந்தது. அங்கேயே 1973இல் இந்திய அறிஞர்கள் செயற்கை முறையில் முத்தை வளர்த்துக் காட்டினர். மன்னாரில் நகரம் மீண்டும் எழவில்லை. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, சிலாவத்துறையும் மரிச்சுக்கட்டியும் தம் குடிகளையே இழந்தன. 2009க்குப் பின்னரே அவர்கள் திரும்பத் தலைப்பட்டனர். திரும்பியவர்கள் வள்ளத்தில் சென்று மீன் பிடிக்கின்றனர்.

சலாபத்தால் வந்த பெருஞ்செல்வத்தில் இக்கரைக்கு எஞ்சிய கட்டடம் என ஒன்றையே சுட்டலாம். முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரடெரிக் நோர்த், முத்துக் குளிப்பைக் காண வரும்போது தங்குவதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் கட்டிய மாளிகை அது. கிரேக்கரின் தோரிக் பாணியில் தூண்கள் அமைந்தமையால் 'தோரிக் மாளிகை' எனப் பெயர் பெற்றது. குளியாளிக்கு அங்கே ஒரு திண்ணையும் கட்டப்பட்டதில்லை. சிப்பியோட்டைச் சுட்ட சுண்ணாம்பினால் அதன் சுவர்களுக்குப் பளிங்குபோல் மெருகிட்டிருந்தனர் என நேரில் கண்ட கோர்டினர் பாதிரியார் எழுதியுள்ளார். இப்போது கூரை இல்லை; கடல் அரித்த மண்மேட்டின் விளிம்பில் செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. பருவக்காற்றுக் காலத்தில் ஒவ்வொரு துண்டாக அவை கீழே கரையில் சரிகின்றன. சரிந்த சாந்தையும் அங்கே கிடக்கும் சிப்பித்தூளையும் வேறு பிரித்தறிதல் அரிது.